சலூன் பையன், உலகச் சாம்பியன்: ஜாக் ‘கிட்’ பெர்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து லண்டன் வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வைட்சேப்பல், ஷாட்வெல் பக்கம் நடப்பது என் வழக்கம். கேபிள் தெருவில் ஒரு குடியிருப்பின் சுவரில் குத்துச்சண்டை வீரர் ஒருவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது. அதைக் காட்டி, இவர் சலூனில் வேலை பார்த்த பையன், பின்னால் உலகச் சாம்பியன் ஆனவர் என்று சொன்னதும் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன்.

யாருங்க இந்த ஜாக் கிட் பெர்க்? நாங்க கேள்விப்பட்டதே இல்லையே.

உண்மைப் பெயர் ஜூடா பெர்க்மன். 1909 ஜூன் 28 அன்று கிழக்கு லண்டனில் ஸ்டெப்னி பகுதியில் பிறந்தார். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். அந்தக் காலத்தில் அந்தத் தெருக்கள் முழுக்க அப்படிப்பட்ட குடும்பங்கள்தான்: தையல், மரவேலை, சந்தைக்கடை, மீன் வறுவல் கடை என்று ஆளுக்கொரு தொழில், ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பம். தெருவில் அவரை ‘யிடில்’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

1923 முதல் 1945 வரை தொழில்முறையாக 192 சண்டை. அதில் 157 வெற்றி, 26 தோல்வி, 9 சமன். 1930-இல் ஜூனியர் வெல்டர்வெயிட் என்ற எடைப் பிரிவில் உலகப் பட்டம், 1934-இல் அதைவிட எடை குறைந்த லைட்வெயிட் பிரிவில் பிரிட்டிஷ் பட்டம். நம் ஊரில் முகமது அலிக்கு முந்திய பெயர்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, அதனால்தான் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கிழக்கு லண்டன் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள்.

நிஜமாவே முடி வெட்டுறவரா? இல்ல சும்மா கதைக்காக அப்படிச் சொல்றாங்களா?

சவரக்கடையில் தொழில் பழகப் போன பையன் என்பது நிஜம். ஆனால் தனியாக நாற்காலி போட்டுத் தொழில் செய்த பெரிய நாவிதர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அவர் செய்தது சோப்பு நுரை போடுகிற வேலை. அந்தக் காலத்து லண்டன் சலூன்களில் இதற்கென்றே சின்னப் பையன்கள் இருப்பார்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்களின் முகத்தில் பிரஷ்ஷால் நுரை கட்டி, தாடி மயிர் மெத்தென்று ஆகும்வரை தேய்த்துவிட வேண்டும், பின்னாலேயே கத்தியோடு மாஸ்டர் வருவார். ஒரு முகம் முடிவதற்குள் அடுத்த முகம் தயாராக இருக்க வேண்டும். கூட்டம் இருக்கும் நேரத்தில் கை ஓயாது.

இந்த வேலையே இப்போது உலகத்தில் இல்லை. ஜில்லெட் கம்பெனி 1903-இல் பிளேடு மாற்றிப் போடும் ரேசரை விற்க ஆரம்பித்தது, முதல் உலகப் போர் முடிந்தபின் அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, தினமும் சவரத்துக்காகக் கடைக்குப் போகிற பழக்கம் மெல்லக் குறைந்தது. பெர்க் இந்த வேலைக்குப் போனது அந்தப் பழக்கத்தின் கடைசிக் காலத்தில்.

அங்கேயும் இது ஒரு சாதித் தொழிலா? மட்டமா பார்த்தாங்களா?

இல்லை. நம் ஊரில் இந்தத் தொழிலைப் பிறப்போடு கட்டிப்போட்டு, அந்தச் சமூகத்தையே கீழாக நடத்திய வரலாறு இருப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. அங்கே அது ஒரு கைத்தொழில். தையலுக்குப் போகும் பையன் தையலுக்குப் போவான், சலூனுக்குப் போகும் பையன் சலூனுக்குப் போவான், அண்ணன் ஒரு தொழில் தம்பி வேறு தொழில் என்று இருக்கலாம். கூலி குறைவு, நேரம் அதிகம் என்ற கஷ்டம் உண்டு, ஆனால் அது அந்தத் தெருவில் எல்லாத் தொழிலுக்கும் இருந்த கஷ்டம்.

மதம் ஒரு விதத்தில் உள்ளே வந்தது. இங்கிலாந்தில் முடிதிருத்தும் கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்கக்கூடாது என்று 1930-இல் சட்டமே போட்டார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள் காக்கிற யூதக் கடைக்காரர்களுக்கு மட்டும் அதில் தனி ஏற்பாடு செய்தார்கள். கிழக்கு லண்டனில் யூத சலூன்கள் எவ்வளவு வேரூன்றி இருந்தன என்பது இதிலேயே தெரியும்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘சாதாரண நாவிதனாக இருந்தவர் சாம்பியன் ஆனார்’ என்று தமிழில் எழுதும்போது, அந்தச் ‘சாதாரண’த்தில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பையனுக்கு இரண்டுமே கையை வைத்துப் பிழைக்கிற வேலைதான். ஒன்றில் காசு குறைவு, மற்றதில் கொஞ்சம் கூடுதல். அவரை அப்படி நினைவு வைத்துக்கொள்வதுதான் மரியாதை என்று நினைக்கிறேன்.

பதினாலு வயசுப் பையனை எப்படி மேடை ஏத்தினாங்க? சட்டம் இல்லையா?

முதல் சண்டை 1923 ஜூனில். கணக்குப் பார்த்தால் பதினாலு வயதுகூட முழுசாக நிறையவில்லை, சில நாட்கள் பாக்கி. அன்றைக்கு இங்கிலாந்தில் 14 வயதில் பள்ளிப்படிப்பு முடிந்துவிடும், அதன்பிறகு பையன் சம்பாதிக்க வேண்டியவன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். குத்துச்சண்டையைக் கட்டுப்படுத்தும் பிரிட்டிஷ் வாரியமே 1929-இல்தான் முறையாக அமைந்தது. இன்றைக்கு 18 வயது ஆகாமல் தொழில்முறை உரிமம் கிடைக்காது.

‘எவ்வளவு தைரியம் பாருங்க’ என்று சிலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. வளர்கிற உடம்பு, வளர்கிற மூளை. பெர்க் 81 வயது வரை தெளிவாக வாழ்ந்தார் என்பதால் அது சரியாகிவிடாது, அதே வயதில் ஆரம்பித்த எத்தனையோ பையன்களின் பெயரை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை.

ப்ரீமியர்லேண்ட்னு எங்க பார்த்தாலும் வருதே, அது என்ன இடம்?

கமர்ஷியல் ரோட்டிலிருந்து பிரியும் பேக் சர்ச் லேனில் இருந்த குத்துச்சண்டை அரங்கம். 1911-இல் ஆரம்பித்து 1930-இல் மூடினார்கள். பெர்க் ஆரம்பித்தது, வளர்ந்தது, பெயர் எடுத்தது எல்லாம் அங்கேதான். சனிக்கிழமை ஓய்வு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கையில் காசோடு யூதத் தொழிலாளிகள் வருவார்கள், அதனால் ஞாயிறு சண்டைகளுக்குக் கூட்டம் நெரியும்.

இந்த அரங்கத்தைப் புரிந்துகொள்ளாமல் பெர்க்கைப் புரிந்துகொள்ள முடியாது. வாரம் தவறாமல் சண்டை, பக்கத்துத் தெரு ஆட்களே பார்வையாளர்கள், மேடையில் ஏறுகிற பையனின் அம்மா யார், அவன் எந்தக் கடையில் வேலை பார்க்கிறான் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் சலூனில் தன் கன்னத்தில் நுரை தேய்த்த பையன் இன்றைக்கு ரிங்குக்குள் நிற்கிறான் என்றால் பார்க்கிறவன் சும்மா இருப்பானா, தொண்டை கிழியக் கத்துவான். 192 சண்டை எப்படி என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில்: பெரிய பட்டத்துக்காகக் காத்திருந்து சண்டை போட்ட காலம் இல்லை அது, வாரக்கூலி மாதிரி போட்ட காலம்.

காற்றாலைன்னு ஏன் பட்டப்பேர்?

‘வைட்சேப்பல் காற்றாலை’. நிற்காமல் இரண்டு கையும் சுழன்றுகொண்டே இருக்கும், அதனால். ஒரே அடியில் சாய்க்கிற பலம் அவரிடம் அதிகம் கிடையாது. எதிராளி ஒரு அடி யோசிப்பதற்குள் இவர் ஐந்தாறு அடித்திருப்பார், மூச்சு விட இடம் தராமல் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை அதே வேகம். பத்துச் சுற்று, பதினைந்து சுற்றுச் சண்டைகளில் எதிராளியின் கை சோர்ந்து தொங்கும்போதுதான் இவர் இன்னும் முடுக்குவார்.

1928-இல் அமெரிக்கா போனார். அங்கே ரே ஆர்செல் என்ற பயிற்சியாளர் கிடைத்தார், பல உலகச் சாம்பியன்களை உருவாக்கியவர். காட்டுத்தனமாக வீசிக்கொண்டிருந்த கைகளுக்கு ஒரு ஒழுங்கு வந்தது அவரிடம்தான்.

மேடைக்குச் சாமி கும்பிடுற துணியைப் போத்திக்கிட்டு வருவாராமே? பக்தியா, விளம்பரமா?

யூதர்கள் தொழுகையில் போர்த்தும் தாலித் என்ற சால்வையைப் போட்டுக்கொண்டு, நெற்றியிலும் கையிலும் கட்டும் சிறிய தோல்பெட்டிகளோடு ரிங்குக்கு வருவார். மூலையில் நின்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கழற்றி, முத்தமிட்டு, எடுத்து வைப்பார். கால்சட்டையில் தாவீதின் நட்சத்திரம். நியூயார்க்கில் யூத ரசிகர்கள் நிறைந்த அரங்கத்தில் இது எப்படி எடுபட்டிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அன்றாட வாழ்க்கையில் அவர் கட்டுப்பாடான பக்தர் இல்லை, ஜாலியாக வாழ்ந்தவர். அதனால் விளம்பரம்தான் என்று சிலர் முடித்துவிடுவார்கள். விளம்பரமும் இருந்தது, ஆனால் அதோடு முடியவில்லை என்பது என் எண்ணம். யூதன் என்றால் கோழை, அடித்தால் வாங்கிக்கொள்வான் என்று தெருவில் கேலி பேசிய காலம். அந்த அடையாளத்தை ஒளிக்காமல், இன்னும் பெரிதாகக் காட்டி, அதன்பிறகு ஜெயித்துக் காட்டினார். இரண்டு நோக்கம் ஒரே செயலில் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

உலகச் சாம்பியன்னு சொல்றீங்க, அது உண்மையான பட்டமே இல்லைன்னும் சொல்றாங்களே?

இது நியாயமான கேள்வி, கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். லைட்வெயிட் என்பது 135 பவுண்டு, அதாவது சுமார் 61 கிலோ வரை. வெல்டர்வெயிட் 147 பவுண்டு. நடுவில் 140 பவுண்டுக்கு ஒரு பிரிவு அமெரிக்காவில் புதிதாக வந்தது, அதுதான் ஜூனியர் வெல்டர்வெயிட். அதன் முதல் சாம்பியன் பிங்கி மிட்செலை 1922-இல் ஒரு பத்திரிகையின் வாசகர்கள் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுத்தார்கள். 1926-இல் மஷி காலஹன் அவரைத் தோற்கடித்தார். பழைய ஆட்களுக்கு இந்தப் பட்டத்தில் மரியாதை வராததற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம்.

1930 பிப்ரவரி 18, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். பெர்க், காலஹன் மோதல். உலகப் பட்டத்துக்கான சண்டை என்று அறிவித்ததும், பிரிட்டிஷ் குத்துச்சண்டையின் பெரிய மனிதரான லார்ட் லான்ஸ்டேல் ரிங் ஓரத்திலிருந்தே அப்படி ஒரு பட்டம் கிடையாது என்று ஆட்சேபித்தார். சண்டை நடந்தது. பத்துச் சுற்றுக்கு மேல் காலஹனால் தொடர முடியவில்லை. அமெரிக்காவின் தேசிய குத்துச்சண்டைச் சங்கம் அந்தப் பட்டத்தை ஏற்றது, பிரிட்டன் ஏற்கவில்லை. இன்றைக்கு அதே 140 பவுண்டுப் பிரிவில் உலகம் முழுக்கப் பட்டச் சண்டை நடக்கிறது, அதனால் வரலாறு பெர்க் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே சொல்வேன்.

அவர் போட்டதிலேயே பெரிய சண்டை எது அண்ணா?

என்னைக் கேட்டால் பட்டம் வென்ற சண்டை இல்லை, அதே 1930 ஆகஸ்ட் 7 அன்று நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் கிட் சாக்லேட்டோடு போட்டது. சாக்லேட் கியூபாக்காரர், அதுவரை தொழில்முறையில் தோல்வியே காணாதவர், பார்க்கிறவர்கள் மயங்கும் நடையழகு. பெர்க்கிடம் அந்த அழகு கிடையாது. அவர் செய்தது மேலே காற்றாலைக் கேள்வியில் சொன்னதேதான்: ஒட்டிக்கொண்டு, விடாமல், பத்துச் சுற்றும். தீர்ப்பு ஒருமனதாக வரவில்லை, ஆனால் பெர்க்குக்குத்தான் வந்தது. 1932 ஜூலையில் இருவரும் மறுபடி மோதினார்கள், 15 சுற்று, மறுபடியும் பெர்க்.

கன்சோனெரிகிட்ட மூணாவது ரவுண்டுலேயே விழுந்துட்டாரே. அப்புறமும் தன்னைச் சாம்பியன்னு சொல்லிக்கிட்டது எந்த ஊர் நியாயம்?

டோனி கன்சோனெரியோடு மூன்று முறை மோதினார். 1930 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் சண்டையில் பெர்க் ஜெயித்தார், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1931 ஏப்ரல் 24 சிகாகோவில் நீங்கள் சொல்கிற நாக்அவுட். அதே வருடம் செப்டம்பரில் நியூயார்க்கில் 15 சுற்று, கன்சோனெரி புள்ளியில் வென்றார். அந்தச் சண்டையில் 8-ஆவது சுற்றில் பெர்க்குக்கு இடுப்புக்குக் கீழே ஒரு அடி விழுந்தது, அதைப் பற்றிய வாக்குவாதம் கடைசிவரை ஓயவில்லை.

சிக்கல் எங்கே என்றால், சிகாகோ சண்டை கன்சோனெரியின் லைட்வெயிட் பட்டத்துக்காக நடந்தது. பெர்க்கின் 140 பவுண்டுப் பட்டம் அன்றைக்குப் பணயத்தில் இல்லை என்பது பெர்க் தரப்பு வாதம். இரண்டு பேரும் 140-க்குக் கீழேதான் இருந்தார்கள், ஆகவே அதுவும் கைமாறிவிட்டது என்பது அமெரிக்காவின் தேசிய குத்துச்சண்டைச் சங்கத்தின் கணக்கு. சட்டப்படி பெர்க்கின் வாதத்தில் கொஞ்சம் பசை இருந்தது. ஆனால் மூன்றாவது சுற்றில் விழுந்துவிட்டு, பெல்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை. அன்றைக்கு உயர்ந்த ஆட்டக்காரர் கன்சோனெரி.

டெட் கிட் லூயிஸும் இவரும் ஒரே ஆளா?

வேறு வேறு. இருவரும் கிழக்கு லண்டன், இருவரும் யூதர், இருவர் பெயரிலும் ‘கிட்’, அதனால் குழப்பம். லூயிஸ் 1893-இல் ஆல்ட்கேட்டில் பிறந்தவர், பெர்க்குக்கு ஒரு தலைமுறை மூத்தவர், 1915-இலேயே வெல்டர்வெயிட் உலகச் சாம்பியன். அமெரிக்கர் ஜாக் பிரிட்டனோடு மட்டும் 20 முறை மோதினார்.

லூயிஸ் வாழ்க்கையில் ஒரு வலிக்கும் பக்கம் உண்டு. பின்னால் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவரான அரசியல்வாதி ஆஸ்வால்ட் மோஸ்லியின் புதிய கட்சி சார்பில் 1931 தேர்தலில் நின்றார். மோஸ்லியின் யூத வெறுப்பு வெளியில் தெரிந்ததும் விலகினார்.

கேபிள் தெருன்னா 1936-ல அந்தப் பெரிய மோதல் நடந்த தெருதானே? இவரும் அதுல இருந்தாரா?

அதே தெருதான். 1936 அக்டோபர் 4 அன்று மோஸ்லியின் கருஞ்சட்டைக்காரர்கள், அதாவது அவருடைய பாசிஸ்ட் தொண்டர்கள், இந்தப் பகுதி வழியாக ஊர்வலம் போகப் பார்த்தார்கள். யூதர்கள், ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்கள், கம்யூனிஸ்டுகள் எல்லோரும் சேர்ந்து தெருவை மறித்தார்கள், வழி திறக்க வந்த போலீஸோடுதான் மோதல் நடந்தது, ஊர்வலம் கைவிடப்பட்டது.

அந்த நாளோடு பெர்க்கின் பெயரை நான் சேர்த்துச் சொல்வதில்லை. அன்றைக்கு நின்றவர்கள் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள், அந்தப் பெருமை அவர்களுக்கே இருக்கட்டும். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னால் அதே பகுதிக்காரர்கள் இரண்டு பேர் பிரிட்டிஷ் பட்டத்துக்காக ஆல்பர்ட் ஹாலில் நின்றார்கள், அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

ஹாரி மிஸ்லரும் பக்கத்துத் தெருவாமே? ஊர் யார் பக்கம் நின்னுச்சு?

இரண்டு பக்கமும். மிஸ்லர் வாட்னி தெருச் சந்தைப் பகுதிப் பையன், பெர்க்கைவிட நாலு வயது இளையவர். 1930 பேரரசு விளையாட்டுகளில் (இன்றைய காமன்வெல்த் போட்டி) தங்கம், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணி, 1934 தொடக்கத்தில் பிரிட்டிஷ் லைட்வெயிட் பட்டம். நிமிர்ந்து நின்று இடக்கையால் அளந்து அடிக்கிற சுத்தமான ஆட்டம். பெர்க் ஓய்ந்துவிட்டார், இளையவர்தான் ஜெயிப்பார் என்றே பலரும் நினைத்தார்கள்.

1934 அக்டோபர் 29. ஆரம்பச் சுற்றுகளில் மிஸ்லர் நன்றாகவே ஆடினார், அப்புறம் கைகள் அடிபட்டுப் போயின, பெர்க் வழக்கம்போல விடவில்லை, பத்தாவது சுற்றோடு மிஸ்லர் தரப்பு சண்டையை நிறுத்திக்கொண்டது. லான்ஸ்டேல் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் பெல்ட்டுக்கான பட்டம் இது, நாலு வருடம் முன்னால் பெர்க்கின் உலகப் பட்டத்தை ஏற்க மறுத்த அதே லான்ஸ்டேல். 1936 ஏப்ரலில் லிவர்பூலில் ஜிம்மி வால்ஷிடம் அதை இழந்தார்.

கடைசிக் காலத்துல கஷ்டப்பட்டாரா? இந்த மாதிரி ஆளுங்க கதை எல்லாம் சோகமாத்தானே முடியும்.

இவர் கதை அப்படி முடியவில்லை. போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தார், 1945-இல் சண்டையை நிறுத்தினார், பிறகு சினிமாவில் ஸ்டன்ட் வேலை பார்த்தார். வயதான பிறகும் லண்டனில் பெரிய சண்டை நடந்தால் பளிச்சென்று உடுத்திக்கொண்டு ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். 1991 ஏப்ரல் 22 அன்று இறந்தார். 1994-இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்தில் பெயர் சேர்ந்தது.

நம்ம வடசென்னை பாக்சிங் மாதிரின்னு சொல்லலாமா?

துறைமுகத்தை ஒட்டிய உழைப்பாளிகள் குடியிருப்பு, பகலில் கூலிவேலை, சாயங்காலம் பயிற்சி, தெருவே திரண்டு வந்து பார்க்கும் சண்டை: இதெல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று வாத்தியார் வழி வரும் பரம்பரை அங்கே இல்லை. அங்கே மேனேஜர், அரங்க முதலாளி, ஒப்பந்தம் என்று அது முழுக்க வியாபாரமாக நடந்தது. அதனால்தான் பெர்க் போன்றவர்கள் நியூயார்க் வரை போய்ச் சம்பாதிக்க முடிந்தது, நம் ஆட்களின் திறமைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அவர் நினைவா போய்ப் பார்க்கணும்னா எங்க போகணும்?

ஈஸ்ட் ஹாமிலிருந்து வருகிறவர்கள் டிஸ்ட்ரிக்ட் லைனில் வைட்சேப்பல் வந்து, அங்கிருந்து ஓவர்கிரவுண்டில் ஒரே ஸ்டாப், ஷாட்வெல். கேபிள் தெருவில் செயின்ட் ஜார்ஜ் டவுன்ஹால் சுவரில் 1936 மோதலைப் பற்றிய பெரிய சுவரோவியம் இருக்கிறது, 1983-இல் முடித்தது. அதே தெருவில் மேற்கே நடந்தால் நோபிள் கோர்ட், பெர்க்கின் பலகை அங்கேதான். பக்கத்துத் தெருவான வாட்னி தெருவில் இன்றும் சந்தை நடக்கிறது. பிறகு பேக் சர்ச் லேன் வழியாக மேலே ஏறினால் கமர்ஷியல் ரோடு வந்துவிடும். ப்ரீமியர்லேண்ட் இப்போது இல்லை, அதைத் தேடிச் சுற்ற வேண்டாம். காலையில் போவது நல்லது, சந்தையும் திறந்திருக்கும், ஓவியத்தின் முன்னால் கூட்டமும் இருக்காது.